மூளையின் செய்தி சொல்லும் தண்டுநீர்

வேடசந்தூரில் எங்கள் தெருவில் ஒரு சிறுவன் இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு மாணவன். மாலையில் நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் பந்தைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நிற்பான். ஒருமுறை அவன் காய்ச்சலில் படுத்தான். இரண்டாம் நாள் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தன. மூன்றாம் நாள் விடியற்காலையில், குடிக்க வெந்நீர் கொண்டுவந்த தாயைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டான். பிறகு ஏதேதோ பினாத்தத் தொடங்கினான். 108 வண்டியில் அவனைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டு போனார்கள்.

காலை ஏழரை மணிக்கு அவன் தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், முதுகுத் தண்டுல ஊசி குத்தித் தண்ணி எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. அப்படி எடுத்தா காலு விளங்காமப் போயிரும்னு இங்க ஆளாளுக்குச் சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா, வேணாமா?”

“டாக்டர் சொல்றதக் கேளுங்கண்ணே” என்றேன். “ஏன் சார் கால் போகாது?” என்று அவர் திரும்பக் கேட்டபோது எனக்குத் தெளிவாக விடை சொல்லத் தெரியவில்லை. அவர் கையெழுத்திட்டபோது மணி ஒன்பதரை. அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் அல்லேன், இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் அவர் கேட்ட கேள்வியின் விடையில் பெரும்பகுதி உங்கள் அறிவியல் பாடநூலிலேயே இருக்கிறது. அதை இங்கே நிதானமாகக் காண்போம்.

மிதக்கும் மூளை

கிணற்றில் நீர் இறைத்திருக்கிறீர்களா? வாளி நீருக்குள் இருக்கும் வரை எளிதாக வரும். நீர்மட்டத்தை விட்டு மேலே வந்தவுடன் கை இழுபடும். நீர் வாளியை மேல்நோக்கித் தாங்கியதே காரணம். இதுவே ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதப்பு விசை.

நம் மூளையும் இவ்வாறே ஒரு நீரில் அமிழ்ந்திருக்கிறது. வளர்ந்தவரின் மூளை ஏறக்குறைய 1400 கிராம் நிறையுள்ளது. ஆனால் மண்டையோட்டுக்குள் அது 50 கிராம் எடையே உள்ளதுபோல் நடந்துகொள்கிறது. மீதி எடையைச் சுற்றியுள்ள நீர் தாங்கிக்கொள்கிறது. இந்த நீர் இல்லையேல், இளந்தயிர்க் கட்டி போன்ற மென்மையுடைய மூளை தன் எடையாலேயே நசுங்கும்.

இதற்கு மூளைத் தண்டுவட நீர் என்று பெயர். சுருக்கமாகத் தண்டுநீர் என்போம். மூளையின் உள்ளறைகளில் இது இரத்தத்திலிருந்து ஊறுகிறது. மூளையைச் சுற்றிவந்து, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. எந்த நேரத்திலும் நம்மிடம் இருப்பு சுமார் 150 மில்லிலிட்டர். ஒரு நாளில் ஊறுவதோ சுமார் 500 மில்லிலிட்டர். அதாவது ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் முழுநீரும் புதிதாகிறது. சோதனைக்கு எடுப்பது சில மில்லிலிட்டர்தான். ஊற்றுக் கிணற்றில் ஒரு செம்பு நீர் மொண்டதுபோல் அது விரைவில் ஊறிவிடும்.

மூளையைத் தழுவி வரும் நீர் ஆதலால், மூளையிலும் அதன் உறைகளிலும் நிகழ்வதன் தடயம் இந்நீரில் இருக்கும். பினாத்துகின்ற நோயாளியால் தன் நோயைச் சொல்ல இயலாது. அவருக்காக இந்நீர் பேசுகிறது.

ஊசி எங்கே போகிறது?

தந்தையின் அச்சத்திற்கு வருவோம். தண்டுவடத்தில் ஊசி குத்தினால் கால் செயலிழக்கலாம் என்பது உண்மையே. ஆனால் ஊசி குத்தும் இடத்தில் தண்டுவடமே இல்லை!

கருவில் மூன்றாம் மாதம் வரை தண்டுவடமும் அதைச் சுற்றிய எலும்புக் குழாயும் ஒரே நீளமாக இருக்கும். அதன்பின் எலும்பு வேகமாக வளர்கிறது, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. வளர்ந்தவரிடம் தண்டுவடம் ஏறக்குறைய 45 செ.மீ. நீளமே உள்ளது. முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எலும்புக் குழாயில் இருப்பவை தண்டுநீரும், அதில் தொங்கும் நரம்பு இழைகளும் மட்டுமே. இந்த இழைக்கொத்து குதிரையின் வாலைப்போல் தோன்றுவதால் உடற்கூற்றியலார் அதற்குக் ‘குதிரை வால்’ என்றே பெயரிட்டுள்ளனர். நீர் நிரம்பிய குவளையில் நூல்களைத் தொங்கவிட்டு ஒரு குச்சியை நுழைத்துப் பாருங்கள். நூல்கள் விலகி வழிவிடும். ஊசி வரும்போது இந்த இழைகளும் பெரும்பாலும் அப்படியே விலகுகின்றன.

இடுப்பின் இருபுறமும் கைவைத்து, எலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரு விளிம்புகளையும் முதுகின் குறுக்காக ஒரு கோட்டால் இணைத்தால், அது நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மேல் செல்லும். மருத்துவர் அந்தக் கோட்டை அடையாளமாகக் கொண்டு, மூன்றாம் நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ ஊசியைச் செலுத்துகிறார். குழந்தை பிறக்கும்போது தண்டுவடம் இன்னும் சற்றுக் கீழே, மூன்றாம் முள்ளெலும்பு வரை இருக்கும். ஆகவே பச்சிளங்குழந்தைகளுக்கு இன்னும் கீழே செலுத்துவார்கள்.

இச்சோதனைக்குப் பின் சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி வருவதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முறைப்படி செய்தால் கால் விளங்காமல் போகும் என்ற அச்சத்திற்கு இடமில்லை.

அழுத்தம் சொல்லும் செய்தி

கொத்தனார் இரண்டு சுவர்களின் மட்டம் பார்க்க, நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாய் வளைந்தாலும் நெளிந்தாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதே தத்துவத்தால்தான் முதுகிலிருந்து தலையின் அழுத்தத்தை அளக்க முடிகிறது.

நோயாளியைப் பக்கவாட்டில், முழங்கால் வயிற்றைத் தொடுமாறு சுருண்டு படுக்கச் செய்வார்கள். இதனால் முள்ளெலும்புகளின் இடைவெளி விரிகிறது. வேறொரு நன்மையும் உண்டு: தலையும் இடுப்பும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. உட்கார்ந்த நிலையில் அளந்தால், மேலே நிற்கும் நீர்த்தம்பத்தின் அழுத்தமும் சேர்ந்து தவறான அளவைக் காட்டும். நீங்கள் படித்த ‘உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம்’ என்ற வாய்பாடு இங்கே மருத்துவமனைக் கட்டிலில் வேலை செய்கிறது.

ஊசியோடு ஒரு நெட்டுக்குத்தான கண்ணாடிக் குழாயை அல்லது பிளாஸ்டிக் குழாயை இணைத்தால், தண்டுநீர் அதில் ஏறி நிற்கும். வளர்ந்தவருக்குப் படுத்த நிலையில் அது சுமார் 10 முதல் 20 செ.மீ. உயரம் வரை ஏறும். 25 செ.மீ.யைத் தாண்டினால் மண்டைக்குள் அழுத்தம் மிகுந்துள்ளது எனக் கொள்வர். குழாயில் நீர்மட்டம் நாடித்துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப மெல்ல அசைவதையும் காணலாம். பாதரசத்தைப் பயன்படுத்தினால் 10 செ.மீ. நீர் வெறும் 7.4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். சிறு மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாது. எனவே தண்டுநீரின் உயரமே இங்கு அளவுகோலாகிறது.

இம்முறைக்கு வித்திட்ட ஆண்டு 1891. இலண்டனில் வால்டர் எசெக்ஸ் விண்டர், காசநோய் மூளையுறையைத் தாக்கிய குழந்தைகளின் மண்டை அழுத்தத்தைத் தணிக்க முதுகிலிருந்து நீரை வடித்தார். செருமனியின் கீல் நகரில் ஐன்ரிச் குயிங்கே மெல்லிய ஊசியைக் கொண்டு அதையே எளிய முறையாக்கினார், அழுத்தத்தையும் அளந்தார். நீரை வடித்து நோயைத் தணிப்பதே முதலில் அவர்கள் எண்ணம். வடித்த நீரைச் சோதித்து நோயை அறிவதே அதன் பெரும்பயன் என்பது விரைவில் புலனாயிற்று.

நிறமும் நேரமும்

நல்ல தண்டுநீர் குடிநீர்போல் தெளிந்திருக்கும். மருத்துவர் அதைத் துளித்துளியாக மூன்று நான்கு சிறு குப்பிகளில் வரிசையாகப் பிடிப்பார். ஏன் ஒரே குப்பியில் பிடிக்கக்கூடாது?

நீர் சிவந்து வந்தது என்று கொள்வோம். மூளையைச் சுற்றி இரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். அல்லது ஊசியே வழியில் ஒரு சிறு குழாயைக் கிழித்திருக்கலாம். முன்னது உயிராபத்து, பின்னது அற்பம். ஊசியால் வந்த இரத்தம் என்றால் முதற்குப்பியில் மிகுந்தும் அடுத்தடுத்த குப்பிகளில் குறைந்தும் காணப்படும். முன்பே கசிந்த இரத்தம் என்றால் எல்லாக் குப்பிகளும் ஒரே சிவப்பாக இருக்கும்.

இதைவிட நுட்பமான வழியும் உண்டு. குப்பியை வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூளையருகே கசிந்த இரத்தத்தின் செந்நிறப் பொருளை உடல் சிதைத்துப் பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருளாக மாற்றுகிறது. இம்மாற்றத்துக்குப் பல மணி நேரம் தேவை. இப்போது ஊசி பட்டுக் கசிந்த இரத்தத்துக்கு அந்த அவகாசம் இல்லை. எனவே மஞ்சள் நிறம் ஒரு கடிகாரம்போல் நேரத்தைச் சொல்கிறது. கண்ணை நம்பாமல் ஒளியலைமானியாலும் அளக்கலாம். பிலிரூபின் 450 முதல் 460 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை விழுங்குகிறது. நீலத்தை இழந்த வெண்ணொளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

இன்று திடீர்த் தலைவலியோடு நினைவு மங்கி வருபவருக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். 1971இல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியால் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது முதல் இரத்தக் கசிவைக் காண்பது எளிதாயிற்று. படத்தில் ஒன்றும் தெரியாமல் ஐயம் மட்டும் நீடித்தால், அப்போது தண்டுநீரின் மஞ்சள் நிறம் சாட்சிக்கு வருகிறது.

எண்ணிக்கையும் சர்க்கரையும்

அடுத்து நீரை உருப்பெருக்கிக்குக் கொண்டு செல்வார்கள். அங்கே கட்டங்கள் கீறிய ஒரு கண்ணாடித் தகடு உண்டு. ஒரு பெரிய கட்டத்தின் நீளம் 1 மி.மீ., அகலம் 1 மி.மீ., நீரின் ஆழம் 0.1 மி.மீ. ஆக, கன அளவு 0.1 கன மில்லிமீட்டர். கட்டங்களில் உள்ள அணுக்களை எண்ணினால் ஒரு கன மில்லிமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடலாம். நலமுள்ள பெரியவரிடம் வெள்ளையணுக்கள் ஐந்துக்கு மேல் இரா. சர்க்கரையின் அளவு, அதே நேரத்தில் இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். புரதம் மிகக் குறைவு.

நோயில் இவை மாறும் விதமே அடையாளம்.

பாக்டீரியாக்கள் மூளையுறையைத் தாக்கினால் நீர் கலங்கி வரும். வெள்ளையணுக்கள் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். சர்க்கரை குறையும், புரதம் ஏறும். 1884இல் டென்மார்க் நாட்டு ஆன்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்ட சாயமுறையால் கிருமியையே கண்ணால் காணவும் கூடும்.

காசநோய்க் கிருமி என்றால் நீர் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். ஆனால் சர்க்கரை குறைந்து, புரதம் மிகுந்திருக்கும். குப்பியை அசைக்காமல் வைத்தால் சில வேளை சிலந்தி வலை போன்ற மெல்லிய படலம் அதில் உருவாகும். இக்கிருமியின் மரபுப்பொருளைச் சில மணி நேரத்தில் கண்டறியும் கருவிகள் இப்போது வந்துள்ளன.

நீரும் தெளிவு, சர்க்கரையும் சரியளவு, வெள்ளையணுக்கள் மட்டும் சற்று மிகுதி என்றால்? பெரும்பாலும் அது வைரசின் வேலை. இந்த மூன்றாம் வகையில் நம் தமிழகத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

வேலூர், 1955

1955இல் அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில் குழந்தைகள் சிலர் காய்ச்சல், வலிப்பு, நினைவு மங்கல் ஆகியவற்றோடு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தனர். அங்கிருந்த மருத்துவர் ஜே.கே.ஜி. வெப்பும் எஸ். பெரேராவும், இது பூச்சிக்கடியால் பரவும் வைரஸ் மூளையழற்சி என்று நோய்க்குறிகளைக் கொண்டு கணித்தனர். புனேயில் 1952இல் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் டி.எச். வொர்க்கும் கே.வி. ஷாவும் குருதிச் சோதனையால் அதற்குப் பெயர் கண்டனர். அதுவே ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் மனிதரிடம் அந்நோய் அறியப்பட்டது அதுவே முதல் முறை. 1956இல் இருசாராரும் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் ஒருவகைக் கியூலெக்ஸ் கொசு இந்த வைரசைச் சுமக்கிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் வளர்கிறது. மனித இரத்தத்தில் அது போதிய அளவு பெருகுவதில்லை. ஆகவே நோயாளியைக் கடித்த கொசுவால் பிறருக்குத் தொற்றுவதில்லை. தொற்று ஏற்பட்டவரில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வருகிறது. ஆனால் வந்தவரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்க நேரிடலாம். இதற்குத் தனி மருந்து இன்றும் இல்லை, தடுப்பூசி உண்டு. இந்நோயைப் பரப்பும் கொசுக்களை ஆராய நம் பக்கத்து மதுரையிலேயே 1985இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு மருத்துவப் பூச்சியியல் மையத்தை அமைத்தது.

வேலூரில் அன்று குருதியைக் கொண்டு கண்டதை இன்று தண்டுநீரிலேயே உறுதி செய்கிறார்கள். நோயின் தொடக்கத்தில் உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருளை அதில் தேடுகிறார்கள். நீர் மூலக்கூறின் நிறை 18 என்றால் இதன் நிறை ஏறக்குறைய 9 இலட்சம். இவ்வளவு பெரிய மூலக்கூறு இரத்தத்திலிருந்து தண்டுநீருக்குள் எளிதில் நுழையாது. ஆகவே அது அங்கே இருந்தால், போர் மூளைக்குள்ளேயே நடக்கிறது என்று பொருள்.

எப்போது கூடாது?

நினைவு மாறிய எல்லோருக்கும் உடனே ஊசி போடுவதில்லை. மருத்துவர் முதலில் மூச்சையும் நாடியையும் பார்ப்பார். விரல்நுனிக் குருதியில் சர்க்கரையைச் சோதிப்பார். சர்க்கரை மிகக் குறைந்தாலும் மனிதர் பினாத்துவார். விழுந்து அடிபட்டாரா, நஞ்சு உண்டாரா, பாம்பு தீண்டியதா என்று கேட்பார். நினைவின் அளவை மதிப்பெண்ணாக எழுதுவார். 1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் வகுத்த முறை இது: கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து முழு நினைவுக்கு 15, ஆழ்ந்த மயக்கத்துக்கு 3.

மூளையில் கட்டியோ சீழோ இருந்து ஒரு பக்கம் அழுத்தினால் தண்டுநீர் எடுப்பது ஆபத்து. மேலே அழுத்தம் மிகுந்திருக்க, கீழே திடீரென்று நீரை வடித்தால், மூளை அழுத்தம் குறைந்த திசையில், மண்டையோட்டின் அடித்துளையை நோக்கி, இறங்கிவிடக்கூடும். மூச்சை ஆளும் நரம்பு மையங்கள் அங்கேதான் உள்ளன. அத்தகைய அறிகுறி தென்பட்டால் முதலில் ஸ்கேன், பிறகே ஊசி. இரத்தம் உறையாத குறைபாடு உள்ளவருக்கும் ஊசியைத் தள்ளிவைப்பார்கள்.

ஆனால் ஒன்று தள்ளிப்போகக் கூடாது. பாக்டீரியா என்ற ஐயம் வந்தால், சோதனைக்குக் காத்திராமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். மருந்து போன சில மணி நேரத்தில் தண்டுநீரில் கிருமியைக் கண்டுபிடிப்பது அரிதாகிவிடும். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைத் திட்டமாக முடிவு செய்ய இயலும். கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரம் இவ்வாறு சாட்சியை அழித்துக்கொண்டே போகிறது.

எங்கள் தெருச் சிறுவனுக்கும் மருத்துவர்கள் மருந்தைத் தொடங்கிவிட்டுத்தான் தந்தையின் ஒப்புதலுக்குக் காத்திருந்தார்கள். ஒன்பதரைக்குப் பின் எடுத்த நீர் கலங்கியிருந்தது. உயரம் 28 செ.மீ. மூன்று வாரம் கழித்து அவன் வீடு திரும்பினான். நடந்துதான் வந்தான். இப்போது மீண்டும் பந்து எங்கள் வாசலுக்கு வருகிறது. இடது காது மட்டும் சற்று மந்தம். மூளையுறை அழற்சி செவியைத் தாக்குவதுண்டு. வகுப்பில் முதல் வரிசையில் இடதுகோடியில் அமர்கிறான், ஆசிரியரின் குரல் வலது காதில் விழும்படி.

காய்ச்சலோடு ஒருவர் ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், பிடரி விறைத்திருந்தால், வலிப்பு வந்தால், ஒரு மணி நேரமும் வீட்டில் வைத்திராதீர்கள். மருத்துவமனையில் யாராவது, “முதுகுல ஊசி போட்டா கால் போயிரும்” என்று சொன்னால், தண்டுவடம் எங்கே முடிகிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். எனக்கு அன்று சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு இப்போது தெரியும்.

செய்து பாருங்கள்

1. 28 செ.மீ. உயரத் தண்டுநீரின் அழுத்தம் எத்தனை மி.மீ. பாதரசத்துக்குச் சமம்? (தண்டுநீரின் அடர்த்தி 1 எனவும் பாதரசத்தின் அடர்த்தி 13.6 எனவும் கொள்க.)

2. மூளையின் நிறை 1400 கிராம், அடர்த்தி 1.04, தண்டுநீரின் அடர்த்தி 1.007. தண்டுநீரில் மூளையின் தோற்ற எடை எத்தனை கிராம்?

3. ஒன்பது பெரிய கட்டங்களில் மொத்தம் 45 வெள்ளையணுக்கள் எண்ணப்பட்டன. ஒரு கன மில்லிமீட்டருக்கு எத்தனை?

4. நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டர் ஊறுகிறது என்றால், சோதனைக்கு எடுத்த 8 மில்லிலிட்டர் மீண்டும் ஊற எத்தனை நிமிடம் ஆகும்?

விடைகள்: 1) ஏறக்குறைய 20.6 மி.மீ. 2) ஏறக்குறைய 44 கிராம். 3) 50. 4) ஏறக்குறைய 23 நிமிடம்.